மணிக்கட்டுக்கும் பட்டத்துக்கும் நடுவே

ஒரு நூல் பட்டமும் வானத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அது எங்கே நிற்கவேண்டும் என்பதைக் காற்றுதான் முடிவுசெய்கிறது. நான்கு நூல் பட்டம் வேறு சாதி. முழு வேகத்தில் இறங்கி வரும், தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது தலைகீழாக அப்படியே நின்றுவிடும். பிறகு திரும்பாமலே, வந்த வழியில் பின்பக்கமாக மேலேறும். பாதி வழியில் தன் மையத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றும், பக்கவாட்டில் நகரும், மீண்டும் நிற்கும். இத்தனைக்கும் காற்று ஒரே சீராக வீசிக்கொண்டிருக்கிறது, நூல்கள் எல்லாம் விறைப்பாக இருக்கின்றன. கீழே நிற்பவரைக் கவனித்தால் கால் நகர்ந்திருக்காது, தோள் அசைந்திருக்காது. இரண்டு மணிக்கட்டுகள் மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்திருக்கும்.

அந்த மணிக்கட்டின் அசைவு பட்டத்துக்குப் போய்ச் சேரும் வழியில் கடைசிச் சில சாண் தூரம்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். பறக்கவிடும் நூல் நேராகப் பட்டத்தில் முடிவதில்லை. பட்டத்தின் முகத்தில் சின்னச் சின்னக் கயிறுகளால் ஆன ஒரு கட்டில் முடிகிறது. சென்னைக் காத்தாடிக்காரர்கள் இதைச் சூத்திரம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் முச்சை. இங்கே சூத்திரம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு நூல் பட்டத்தில் சூத்திரம்தான் எல்லாம். பட்டம் காற்றுக்கு எந்தக் கோணத்தில் முகம் காட்டுகிறதோ அதைப் பொறுத்தே அது ஏறுவதும் விழுவதும். அந்தக் கோணத்தைப் பட்டம் தானாகவே தேடிக்கொள்ளும். காற்று பட்டத்தின்மீது கொடுக்கும் மொத்த விசையும் ஒரு புள்ளியில் குவிவதாகக் கொண்டால், அந்தப் புள்ளிக்கு அழுத்த மையம் என்று பெயர். நூலின் இழுப்பும் காற்றின் விசையும் பட்டத்தின் எடையும் சேர்ந்து அதைத் திருப்ப முயலாத ஒரு நிலை வரும்வரை பட்டம் முன்னும் பின்னும் சாய்ந்து பார்க்கும். சூத்திரத்தின் முடிச்சை மேலே நகர்த்தினால் பட்டம் காற்றுக்குப் படிந்து படுக்கும், கீழே நகர்த்தினால் நிமிர்ந்து காற்றை முகத்தில் வாங்கும். மொட்டை மாடியில் காத்தாடி சரியாக ஏறவில்லை என்றதும் பையன்கள் முதலில் கைவைப்பது சூத்திரத்தில்தான். ஏற்றுவதற்கு முன்பே கோணம் அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. ஏற்றிய பிறகு மாற்ற முடியாது.

நம் ஊர்ச் சண்டைக் காத்தாடியில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. நூலை இழுத்தால் குறுக்கே இருக்கும் வில் பின்னோக்கி வளைகிறது. நடுப்பகுதி நம்மை நோக்கிப் புடைத்து, இரு முனைகளும் பின்வாங்குகின்றன. அந்த வடிவத்தில் காத்தாடி நேராகப் பாயும். நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து தட்டையாகிவிடும், தட்டையானதும் சுழலும். தலை வேண்டிய பக்கம் திரும்பும்போது மறுபடி இழுத்தால் அந்தத் திசையில் ஓடும். ஒற்றை நூலை வைத்துக்கொண்டு ஒருவர் காத்தாடியை இடமும் வலமும் ஓட்டுவது இப்படித்தான். வளைந்தால் நிலைத்தன்மை, தட்டையானால் சுறுசுறுப்பு. அமெரிக்காவின் வில்லியம் எடி 1890-களில் வால் இல்லாத பட்டம் செய்ததும் இதே வளைவை நம்பித்தான். குறுக்குக் குச்சியை நிரந்தரமாகவே வில்லாக வளைத்துக் கட்டினார். இந்த வளைவு பின்னால் மீண்டும் வரும்.

இரண்டு நூல் பட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகப் பால் கார்பர் ஒரு பட்டம் வடிவமைத்தார். கப்பல் பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக, அதன்மேல் ஜப்பானிய விமானத்தின் நிழலுருவம் வரைந்திருந்தது. இரண்டு நூல்கள் அதன் பின்னாலிருந்த சுக்கானைத் திருப்பின. 1970-களில் இங்கிலாந்தின் பீட்டர் பவல் பட்டம் இந்த விளையாட்டை வீடுகளுக்குக் கொண்டுபோனது. பிறகு வந்த முக்கோண வடிவப் பட்டங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கால்கள் கொண்ட சூத்திரம் வழக்கமானது. இவற்றிலும் இடம், வலம் திருப்புவதுதான் பறப்பவரின் கையில் இருந்தது. முன்பின் சாய்வை மூன்று கால்கள் சந்திக்கும் முடிச்சே ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டிருக்கும். அதை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் வேறொரு பட்டம் கையில் இருப்பதுபோலத் தோன்றும்.

நான்கு நூலுக்கு வருவோம். இதன் முன்னோடி விளையாட்டுப் பொருளே அல்ல. 1899 கோடையில், ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் ஐந்தடி அகலத்தில் இரட்டை அடுக்குப் பட்டம் ஒன்று செய்தார். அதிலிருந்து நான்கு நூல்கள் வந்தன. கைக்கொரு குச்சி, ஒவ்வொரு குச்சியின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரு நூல். குச்சிகளை எதிரெதிராகச் சாய்த்தால் இறக்கைகள் முறுக்கிக்கொள்ளும், ஒருபக்கம் எழும், மறுபக்கம் தாழும். இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தால் மேல் இறக்கை முன்னோ பின்னோ நகரும், பட்டத்தின் மூக்கு அதற்கேற்ப ஏறும் இறங்கும். இறக்கையை முறுக்கி விமானத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்தை வில்பர் முதன்முதலாகக் காற்றில் சோதித்துப் பார்த்தது இந்தப் பட்டத்தில்தான். நான்கே ஆண்டுகளில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். அந்தச் சோதனைப் பட்டத்தை வைத்து மேலும் விளையாட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை, பாவம்.

ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஹட்ஸிக்கி சகோதரர்கள் ‘ரெவல்யூஷன்’ பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பொறியாளரான ஜோ ஹட்ஸிக்கியின் வடிவமைப்பு அது. 1990-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று நான்கு நூல் விளையாட்டுப் பட்டம் என்றால் பெரும்பாலும் அந்த உருவமே கண்முன் வரும். மேலே ஒரே நீளக் குச்சி. அதிலிருந்து கீழே இறங்கும் இரண்டு செங்குத்துக் குச்சிகள். நடுவில் குறுகி இருபுறமும் விரியும் துணி. குச்சிகள் கார்பன் குழாய்கள், மேல்விளிம்பை ஒட்டிக் காற்று ஊடுருவும் வலைத்துணி. அந்த வகையில் மிகப் பரவலான அளவு சுமார் 236 சென்டிமீட்டர் அகலம், 79 சென்டிமீட்டர் உயரம். கால் கிலோ எடை தேறினால் அதிகம். ஒவ்வொரு கையிலும் ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளக் கைப்பிடி. அதன் மேல்முனையிலிருந்து மேல்நூல் பட்டத்தின் மேல்விளிம்புப் பக்கமும், கீழ்முனையிலிருந்து கீழ்நூல் செங்குத்துக் குச்சியின் அடிமுனைக்கும் போகின்றன. பறப்பவர்கள் கீழ்நூலை பிரேக் நூல் என்றே சொல்கிறார்கள்.

கைப்பிடியைச் சாய்த்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 33 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியை 15 பாகை சாய்த்தால், மேல்நூலுக்கும் கீழ்நூலுக்கும் இடையே எட்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. நூல் 36 மீட்டர் நீளமானாலும் அந்த எட்டரை சென்டிமீட்டர் அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேரும். அங்கே இரண்டு நூல்களும் பட்டத்தைப் பிடித்திருக்கும் இடங்களுக்கு நடுவே 70 சென்டிமீட்டர் இருந்தால் பட்டம் 7 பாகை சாயும். கைப்பிடியை 38 சென்டிமீட்டராக நீட்டினால் அதே மணிக்கட்டு அசைவுக்கு 8 பாகை. கைப்பிடியை மாற்றாமல், பட்டத்தில் பிடிக்கும் இடங்களை 60 சென்டிமீட்டர் இடைவெளிக்கு நெருக்கினாலும் கிட்டத்தட்ட அதே 8 பாகைதான். கைக்கும் பட்டத்துக்கும் இடையிலான ஈடு இரண்டு நீளங்களின் விகிதத்தில் அடங்கியிருக்கிறது.

ஒரு நூல், இரண்டு நூல் பட்டங்களில் சூத்திரம் செய்துவந்த முதன்மையான வேலை இங்கே அதன் கையைவிட்டுப் போய்விட்டது. காற்றுக்குக் காட்டும் கோணத்தைப் பட்டம் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, மணிக்கட்டு ஆணையிடுகிறது. அப்படியானால் சூத்திரத்தை எறிந்துவிட்டு நான்கு நூல்களையும் நேராகக் குச்சிகளில் கட்டிவிடலாமே? கட்டலாம், பறக்கவும் பறக்கும். ஆனாலும் இந்தப் பட்டத்தைத் தீவிரமாகப் பறப்பவர்களில் பலர் கைப்பிடியையும் துணியையும் விடச் சூத்திரத்தைத்தான் ஓயாமல் அவிழ்த்துக் கட்டிப் பார்க்கிறார்கள். கோணம் போனபிறகும் அதற்கு மிஞ்சியிருப்பது இரண்டு வேலைகள்: பாரத்தைப் பங்குபோடுவது, பட்டத்தை வேண்டிய அளவுக்கு வளைப்பது. இரண்டாவதுதான் சுவாரஸ்யமானது, ஆனால் முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் போக முடியாது.

நூலால் இழுக்க முடியும், தள்ள முடியாது. இந்த எளிய உண்மையிலிருந்து ஒரு கண்டிப்பான விதி பிறக்கிறது: காற்றின் மொத்த விசை மேல்நூல் பிடிக்கும் இடத்துக்கும் கீழ்நூல் பிடிக்கும் இடத்துக்கும் நடுவே விழவேண்டும். வெளியே விழுந்தால் ஒரு நூல் தொய்ந்துவிடும், அந்தக் கணமே அது நான்கு நூல் பட்டமாக இருப்பது முடிந்துபோகும். நடுவே விழுந்தால், இரண்டு பேர் ஒரு மூட்டையைக் கம்பில் கோத்துத் தோளில் தூக்கும் கதைதான். மூட்டை யார் பக்கம் நகர்கிறதோ அவர் தோளுக்குப் பாரம் கூடும்.

பட்டத்தில் மூட்டை ஓரிடத்தில் இருப்பதில்லை. காற்றை முழு முகத்திலும் வாங்கி நிற்கும்போது அழுத்த மையம் ஏறக்குறைய உயரத்தின் நடுவில் இருக்கும். பட்டம் படிந்து முன்னோக்கி வேகமாகப் பறக்கையில் அது மேல்விளிம்பை நோக்கி ஏறிவிடும், எல்லா இறக்கைகளிலும் உள்ளதுபோல விளிம்பிலிருந்து கால்பங்கு தூரத்துக்கு அருகே. 79 சென்டிமீட்டர் உயரத்தில் கால்பங்கு என்றால் 20 சென்டிமீட்டர். மேல்நூல் விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டரிலும் கீழ்நூல் 75 சென்டிமீட்டரிலும் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், வேகமாக முன்னேறும்போது மேல்நூல் 79 சதவீதப் பாரத்தைச் சுமக்கிறது. நின்று மிதக்கும்போது பாதிக்குப் பாதி. பின்னோக்கிப் பறக்கும்போது அடிவிளிம்பு முன்விளிம்பாகிவிடுவதால் கணக்கு தலைகீழாகிறது, முக்கால் பங்குக்கு மேல் கீழ்நூலின் தலையில்.

பின்னோக்கிப் பறப்பது ஏன் கடினம் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மேல்விளிம்பில் நீளக் குச்சி ஓடுகிறது, அதைச் சூத்திரத்தின் பல கால்கள் பல இடங்களில் பிடிக்கின்றன. அடிவிளிம்பிலோ குறுக்கே குச்சி கிடையாது. இரண்டு செங்குத்துக் குச்சிகளின் நுனிகள் மட்டும்தான், நடுவில் வெறும் துணி. பாரம் கீழே இறங்கும்போது பட்டத்தின் பலவீனமான பகுதி அதைச் சுமக்க நேர்கிறது. குச்சிகளின் அடிநுனிகள் பறப்பவரை நோக்கி வளைகின்றன, துணி படபடக்கிறது, பட்டம் நேர்கோட்டை விட்டு அலைகிறது. மேல்முடிச்சிலிருந்து அடிநுனிக்கு ஓடும் கால் சூத்திரத்தில் எத்தனை இறுக்கமாக இருக்கிறது, பிரேக் நூல் எந்த முடிச்சில் கட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் இந்த அலைச்சலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. கைப்பிடியிலிருந்து தொங்கும் சிறு கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் போட்டு வைத்திருப்பதும் இதற்குத்தான். மேல்நூலைக் கொஞ்சம் வெளியே தள்ளி முடிச்சை மாற்றினால் பட்டம் எப்போதும் சற்று அதிக பிரேக்கோடு பறக்கும். முன்னோட்டத்தின் வேகம் குறையும், பின்னோட்டம் எளிதாகும். புதிதாகக் கற்பவர்கள் வேகத்தை விரும்பி உள்முடிச்சிலேயே இருப்பார்கள். பழகப் பழக வெளிமுடிச்சுக்குப் போவார்கள்.

இனி வளைவு. ஒரு நீளக் குச்சியின்மேல் முழுக்கச் சீராகப் பாரம் இருக்கிறது, அதை இரண்டே இடங்களில் பிடிக்கலாம் என்றால் எங்கே பிடித்தால் வளைவு மிகக் குறைவாக இருக்கும்? இரு நுனிகளிலும் பிடித்தால் நடு தொங்கும். நடுவுக்கு அருகில் பிடித்தால் நுனிகள் தொங்கும். இடையில் ஓரிடம் இருக்கிறது, ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் உள்ளே. அங்கே பிடித்தால் நடுவும் நுனிகளும் ஒரே அளவு தொங்கும். நுனிகளில் பிடித்ததோடு ஒப்பிட்டால் தொங்கல் சுமார் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸலின் பெயரால் வழங்கும் புள்ளிகளும் இதே 22 சதவீதத்தில்தான் இருக்கின்றன. அவர் கவலைப்பட்டது தொங்கலைப் பற்றியல்ல, அளவுகோல் வளைந்தால் நீளம் மாறிவிடுமே என்பதைப் பற்றி. 1927-இல் உலக மீட்டருக்கு எழுதிய வரையறையில்கூட இது நுழைந்துவிட்டது. பாரிஸ் அருகே காக்கப்பட்ட அந்தப் பிளாட்டினக் கட்டை 571 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு உருளைகளின்மேல் கிடக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டையின் மொத்த நீளம் 1020 மில்லிமீட்டர். கழித்துப் பார்த்தால் இருபுறமும் அதே 22 சதவீதம்.

236 சென்டிமீட்டர் குச்சியில் அது நுனியிலிருந்து 52 சென்டிமீட்டர் உள்ளே. பட்டம் தட்டையாக இருப்பதே குறிக்கோள் என்றால் சூத்திரத்தின் வேலை அங்கேயே முடிந்தது. ஆனால் சண்டைக் காத்தாடியிடம் நாம் பார்த்தது இங்கும் பொருந்துகிறது. முற்றிலும் தட்டையான பட்டம் தன் மையத்தைச் சுற்றி மின்னலாகச் சுழலும், ஆனால் ஓரிடத்தில் நிறுத்திவைக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். நுனிகள் சற்றே பின்வாங்கியிருந்தால், பட்டம் ஒருபக்கம் சாயும்போது காற்றை அதிகம் எதிர்கொள்ளும் பக்கம் தானாகவே தள்ளப்பட்டு நேராகிவிடும். நின்று மிதப்பதற்கு அது உதவி. விலையும் உண்டு: காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைகிறது, இழுப்பு குறைகிறது, திருப்பம் மந்தமாகிறது. ஆகவே எவ்வளவு வளைவு, எந்தக் காற்றுக்கு எவ்வளவு என்பதே கேள்வி.

சூத்திரத்தால் வளைவை இரண்டு வழிகளில் மாற்றலாம். முதல் வழி, கால்களின் நீளங்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒவ்வொரு பக்கத்திலும் மேல்முடிச்சிலிருந்து ஒரு கால் குச்சியின் நுனிப்பக்கம் போகிறது, இன்னொன்று நடுவுக்குப் போகிறது. நடுக்காலைக் குறுக்கினால் நடுப்பகுதி பறப்பவரை நோக்கி இழுபடும், நுனிகள் பின்வாங்கும், வளைவு கூடும். வெளிக்காலைக் குறுக்கினால் நுனிகள் முன்னே வரும், பட்டம் தட்டையாகும். அளவுக்கு மீறினால் எதிர்ப்பக்கமாகவே வளைந்து, நிறுத்தவே முடியாத ஒன்றாகிவிடும். பிடிக்கும் இடத்தை நகர்த்துவது இதைவிட முரட்டு வைத்தியம். ஒருபக்கம் மட்டும் இறுகப் பற்றிய குச்சியாகக் கருதினால் நுனியின் தொங்கல் நீளத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 52 சென்டிமீட்டர் நீட்டல் 57 ஆனால், கூடியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, தொங்கலோ 44 சதவீதம் அதிகம்.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. அதனாலேயே பலர் அதைத் தவறவிடுகிறார்கள். சூத்திரத்தின் கால் குச்சியைச் செங்குத்தாக இழுப்பதில்லை, சாய்வாக இழுக்கிறது. குச்சிக்கு 60 பாகையில் இருக்கும் கால், காற்றின் 10 அலகு விசையைத் தாங்க, குச்சியின் நீளவாக்கில் 6 அலகு அழுத்தத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. கால்களைக் குட்டையாக்கிக் கோணம் 30 பாகைக்குக் குறைந்தால் அந்த அழுத்தம் 17 அலகு ஆகிவிடுகிறது. காற்றைவிடச் சூத்திரமே குச்சியை அதிகமாக நெருக்குகிறது. ஏற்கெனவே காற்றால் வளைந்திருக்கும் மெல்லிய கார்பன் குழாயை இருபுறமிருந்தும் அமுக்கினால் அது மேலும் வளையும். ஆக, பிடிக்கும் இடங்களையும் நீள விகிதங்களையும் மாற்றாமல், சூத்திரம் முழுவதையும் ஒரே விகிதத்தில் குட்டையாக்கினாலே பட்டம் வேறாகிவிடும். குட்டைச் சூத்திரம் கைக்கு மென்மையாகவும் பலத்த காற்றில் தானாகவே வளைந்து விசையைக் கழித்துவிடுவதாகவும் இருக்கும். நீளச் சூத்திரம் குச்சியை நேராக வைத்திருக்கும், கையசைவுக்கு உடனே பதில் சொல்லும்.

இதே மாற்றத்தைக் குச்சியை மாற்றியும் பெறலாம். கார்பன் இழைத் தாளை எத்தனை சுற்றுச் சுற்றி உருட்டியது என்பதை வைத்தே ரெவல்யூஷன் குழாய்களுக்கு இரண்டு சுற்று, மூன்று சுற்று, நான்கு சுற்று என்று தரம் பிரித்தார்கள். சூத்திரத்தை ஒரு பட்டத்தில் சோதித்து, அதன் முடிவை வேறு சுற்றுக் குழாய் போட்ட பட்டத்துக்குச் சொல்வது பயனில்லாத வேலை. ஒருவருக்குப் பிரமாதமாக இருந்த சூத்திரம் இன்னொருவரிடம் சொதப்புவதற்கு இது ஒரு காரணம். பிரெஞ்சு சூத்திரம் என்று பெயர் பெற்ற மாற்று வடிவம் ஒன்று உண்டு. அதைப் புகழ்பவர்களும் வழக்கமான கட்டே போதும் என்பவர்களும் ஒரே பட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று முதலில் கேட்கவேண்டும்.

பெரிய காரணம் காற்று. ஒரு சதுர மீட்டர் பரப்பை நொடிக்கு 5 மீட்டர் காற்றில் நேர்முகமாகப் பிடித்தால் கிடைக்கும் விசை ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடைக்குச் சமம். காற்று 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும். விசை வேகத்தின் இருமடியில் போவதால் இந்தப் பெருக்கம். நல்ல கடற்காற்றிலேயே சில நொடிகளுக்குள் ஐந்தில் ஒரு பங்கு ஏறி இறங்குவது சாதாரணம். சூத்திரத்தில் ஒரு முடிச்சு மாற்றுவதால் வரும் வித்தியாசம் பல நேரம் இதைவிடச் சிறியது. முடிச்சை மாற்றிக் கட்டிவிட்டு நிமிரும் இடைவெளியில் காற்று மாறியிருந்தால், பாராட்டு சூத்திரத்துக்குப் போய்விடும். புதுச் சூத்திரங்களுக்குக் கிடைத்திருக்கும் புகழில் பாதியாவது உண்மையில் காற்றுக்குச் சேரவேண்டியது என்பது என் சந்தேகம்.

அடுத்த சந்தேகத்துக்குரியவை நூல்கள். 36 மீட்டர் நூல் ஒரு சதவீதம் நீண்டால் அது 36 சென்டிமீட்டர். ஒரு நூல் மட்டும் நீண்டால் கேட்கவே வேண்டாம், நான்கில் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் அதிகமாக இருந்தாலே பட்டம் ஒருபக்கம் இழுக்கும், எப்பேர்ப்பட்ட சூத்திரமும் அதைக் காப்பாற்றாது. இன்று பெரும்பாலும் பயன்படும் ஸ்பெக்ட்ரா, டைனீமா நூல்கள் பழைய பாலியெஸ்டர் நூலைவிட மிகக் குறைவாகத்தான் இழுபடும். என்றாலும் புது நூலின் பின்னல் இறுகி அமர்வதற்குள் நீளம் சற்று மாறும். அதிகப் பாரம் சுமப்பது அதிகமாக நீளும் என்பதால், முன்னோக்கியே பறக்கும் ஒருவரின் மேல்நூல்கள் கொஞ்ச நாளில் கீழ்நூல்களைவிட நீண்டிருக்கும். அவருடைய பட்டத்தில் சூத்திரத்தைத் தொடாமலேயே பிரேக் கூடிக்கொண்டுவரும். அதனால் சோதனைக்கு முன் நான்கு நூல்களின் ஒரு முனையையும் ஒரே ஆணியில் மாட்டி, மறுமுனைகளை ஒன்றாக இழுத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

இதற்கெல்லாம் ஈடுகொடுக்கும் ஒரு முறை இருக்கிறது, மருந்து சோதனைக்காரர்களிடமிருந்து கடன் வாங்கியது. சூத்திரத்தின் ஒவ்வொரு காலிலும் சம இடைவெளியில் முடிச்சுகள் போட்டு, சுருக்குக் கண்ணியால் எந்த முடிச்சிலும் மாட்டும்படி செய்துகொள்ள வேண்டும். பட்டத்தின் பக்கம் நண்பர் ஒருவர் நிற்பார். நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்தைப் பொறுத்து முடிச்சை மாற்றுவார் அல்லது மாற்றியதுபோல நடிப்பார். பறப்பவருக்கு 36 மீட்டருக்கு அப்பால் நடப்பது தெரியாது. அவர் செய்யவேண்டியது ஒரே வரிசையான சில காரியங்கள். மூக்கு மேலே இருக்க மிதத்தல், பக்கவாட்டில் மிதத்தல், தலைகீழாக மிதத்தல், தரையை ஒட்டிப் பின்னோட்டம், இடத்தில் ஒரு சுற்று. பிறகு எந்த முடிச்சு என்று சொல்லவேண்டும். இப்படிப் பலமுறை செய்தும் சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதிதான் என்றால் அந்த மாற்றம் அவருக்கு இல்லை என்றே பொருள். சாதாரணமாக யாரும் இதைச் செய்வதில்லை. கடற்கரைக்குப் போகிறவர்கள் பறக்கத்தான் போகிறார்கள், தேர்வு எழுத அல்ல.

விளையாட்டுப் பட்டத்தில் இது ரசனைச் சண்டையாகத் தோன்றலாம். பக்கத்து வீட்டில், அலைச்சறுக்குப் பட்டங்களில், சூத்திரம் உயிர் காக்கும் விஷயமாகிவிட்டது. பிரான்சின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த லெகெய்ன்யூ சகோதரர்கள் 1984-இல் காற்றடைத்த முன்விளிம்புள்ள பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். அந்தக் குடும்பத்தில் பரவலான பட்டங்கள் அரைவட்டமாக வளைந்தவை. நான்கு நூல்களும் மூலைகளில் நேராகக் கட்டப்பட்டிருக்கும், முன்விளிம்பில் சூத்திரம் கிடையாது. வடிவத்தைத் தாங்குவதே அந்த ஆழமான வளைவுதான். புயல்காற்று திடீரென்று அடித்தால் விசையைப் பெரிய அளவில் குறைக்க வழியில்லாமல் பலர் தூக்கியெறியப்பட்டார்கள். 2005 வாக்கில் அதே சகோதரர்களின் வில் வடிவப் பட்டம் சந்தைக்கு வந்தது. முன்விளிம்பைப் பல இடங்களில் சூத்திரக் கால்கள் பிடித்துக்கொண்டதால் பட்டத்தை அதிகம் தட்டையாக்க முடிந்தது. முன்நூல்களின் இழுப்பு அழுத்த மையத்துக்கு அருகே வந்ததால், பின்நூல்களைத் தளர்த்தினால் பட்டம் காற்றுக்குப் படிந்து ஏறக்குறைய முழு விசையையும் கைவிட்டது. பாரப் பங்கீடும் வளைவும்தான் அங்கும் மாறியவை, நாம் மேலே கணக்குப் போட்ட அதே இரண்டு.

அப்படியானால் விளையாட்டுப் பட்டத்திலும் கால்களைக் கூட்டிக்கொண்டே போகலாமா, நீளமாகவும் ஆக்கலாமா? அதிகக் கால்கள் என்றால் பாரம் நன்றாகப் பரவும், நீளக் கால்கள் என்றால் குச்சியின்மேல் நெருக்கல் குறையும். காகிதத்தில் இரண்டும் லாபம். ஆனால் ஒவ்வொரு காலும் காற்றை உரசுகிறது, இளங்காற்றில் அந்த உரசலே பட்டத்தின் வேகத்தைத் தின்னும். நூல் ஒரு கணம் தளர்ந்து பட்டம் புரண்டால், நீளமாகத் தொங்கும் கால் குச்சியின் நுனியைச் சுற்றி மாட்டிக்கொள்ளும். பட்டம் ஒற்றைப் பக்கமாகச் சுழன்று கீழே வரும். 60 பாகைக் கால் கணக்கில் எவ்வளவு அழகாக வென்றாலும், சிக்கிய நுனியை விடுவிக்க மணலில் 36 மீட்டர் நடந்துபோய்த் திரும்பவேண்டியது அதைக் கட்டியவர்தான்.